வெளிநாட்டு கிளையன்ட் இனி யூஎஸ்டிடி-யில்தான் பணம் தருவாராம்: வாங்கலாமா?

தறிநகர்
வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் இருந்து யூஐ டிசைன் செய்கிறேன். உள்ளூர் பனியன் கம்பெனிகளுக்கு கேட்டலாக், வெப்சைட் வேலை. அதுபோக துபாயில் உள்ள ஒரு ஸ்டார்ட்அப்புக்கு மாதம் 1,500 டாலருக்கு வேலை செய்கிறேன். இதுவரை பேபாலில் அனுப்பினார்கள். அடுத்த மாதத்திலிருந்து யூஎஸ்டிடி (டாலர் விலையோடு கட்டப்பட்ட கிரிப்டோ) மட்டும்தான், வாலட் முகவரி அனுப்பு என்கிறார்கள். பேபாலில் கட்டணமும் மாற்று விகிதமும் சேர்ந்து ஏழு சதவீதம் போய்விடுகிறது, அதனால் எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. இரண்டு தரப்பு வருமானமும் சேர்ந்து 20 லட்சத்தைத் தாண்டுவதால் ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது, ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிப் பத்திரமான எல்யுடி-யும் போட்டிருக்கிறேன். சட்டப்படி சிக்கல் வருமா? யூஎஸ்டிடி-யை ரூபாயாக மாற்றி வங்கிக்குக் கொண்டுவருவது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மின்மினி_மதுரை
தாராளமாக வாங்கலாம் தம்பி. நான் கன்டென்ட் ரைட்டிங் செய்கிறேன், எஸ்டோனியாவில் ஒரு கிளையன்ட் எனக்கு இப்படித்தான் தருகிறார். சனிக்கிழமை ராத்திரி இன்வாய்ஸ் அனுப்பினால் சில நிமிடத்தில் வாலட்டில் வந்து நிற்கிறது. வங்கி வழியாக வந்த காலத்தில் வெள்ளிக்கிழமை அனுப்பியது அடுத்த புதன்தான் கிடைக்கும். நடுவில் இருக்கும் வங்கி 20, 25 டாலரை எடுத்துக்கொள்ளும், எதற்கு எடுத்தார்கள் என்று கேட்க ஆள் கிடையாது. 300 டாலர் கட்டுரைக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். சின்ன வேலை செய்கிறவர்களைத்தான் இந்த அமைப்பு அதிகம் தண்டிக்கிறது.

யூஎஸ்டிடி டாலரோடு கட்டப்பட்டது, பிட்காயின் மாதிரி ஏறி இறங்காது. பயப்படாமல் வாங்குங்கள்.

கணக்குப்பிள்ளை
கோவையில் வரி ஆலோசனை செய்கிறேன். இப்போது வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குற்றமா என்றால், இல்லை. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ தொழில் செய்கிறவர்களுக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. அதை 2020 மார்ச் 4-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கிரிப்டோ வைத்திருப்பதற்குத் தடை இல்லை. ஆனால் சட்டப்பூர்வமான நாணயம் என்ற தகுதியும் அதற்கு இல்லை. உங்கள் சிக்கல் எல்லாம் இந்த இரண்டாவது வாக்கியத்தில் இருந்துதான் வருகிறது.

முதலில் வருமான வரி. யூஎஸ்டிடி உங்கள் கைக்கு வரும் நாளில் அதன் ரூபாய் மதிப்பு எவ்வளவோ, அது உங்கள் தொழில் வருமானம். பெரும்பாலான கணக்காளர்கள் எடுத்துக்கொள்ளும் வழி இதுதான். அதை நீங்கள் விற்கும்போது விலை ஏறியிருந்தால், ஏறிய பகுதிக்கு 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ்ஸும். இது 2022 ஏப்ரலில் இருந்து. இறங்கியிருந்தால் அந்த நஷ்டத்தை வேறு எதிலும் கழிக்க முடியாது. 2022 ஜூலையில் இருந்து விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ். அது ரிட்டர்ன் போடும்போது கணக்கில் வந்துவிடும், போன காசு இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் 115பிபிஎச், 194எஸ் என்று பழகிய பிரிவு எண்கள் மாறுகின்றன, பழைய கட்டுரைகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இதெல்லாம் சமாளிக்கக் கூடியதுதான். உங்கள் விஷயத்தில் என்னைக் கவலைப்பட வைப்பது ஜிஎஸ்டி. ஒரு சேவை ஏற்றுமதியாகக் கருதப்பட வேண்டும் என்றால், அதற்கான பணம் மாற்றத்தக்க அந்நியச் செலாவணியில் வந்திருக்க வேண்டும், அல்லது ரிசர்வ் வங்கி அனுமதித்த இடங்களில் ரூபாயில். ஐஜிஎஸ்டி சட்டத்தின் 2(6) பிரிவு இதைச் சொல்கிறது. யூஎஸ்டிடி டாலர் விலைக்கு ஓடலாம், ஆனால் நம் சட்டத்தின் பார்வையில் அது அந்நியச் செலாவணி இல்லை. அப்படியானால் உங்கள் வேலை ஏற்றுமதி என்ற தகுதியை இழக்கிறது, எல்யுடி உதவாது, 18 சதவீத வரி கேட்க அதிகாரிக்கு வழி கிடைக்கிறது. துபாய்க்காரர் அதைத் தர மாட்டார். 1,500 டாலருக்குள்ளேயே வரி அடங்கியிருப்பதாக எடுத்துக்கொண்டாலும் சுமார் 229 டாலர் உங்கள் கையில் இருந்து போகும். பேபால் எடுத்துக்கொள்வது 105 டாலர். எது பெரியது என்று பாருங்கள்.

மின்மினி_மதுரை
சார், நீங்கள் சொல்வது ஜிஎஸ்டி பதிவு இருப்பவர்களுக்கு. என்னைப் போல வருடம் ஆறேழு லட்சம் சம்பாதிக்கிறவர்களுக்கு அந்தப் பேச்சே இல்லையே? சேவைத் தொழிலுக்கு வரம்பு 20 லட்சம்.

கணக்குப்பிள்ளை
உண்மைதான் அம்மா. 20 லட்சத்துக்குக் கீழே இருந்தால் ஜிஎஸ்டி உங்களைத் தொடாது. ஆனால் வேறு ஒன்று இருக்கிறது. வங்கி வழியாக டாலர் வந்தால் வெளிநாட்டில் இருந்து பணம் வந்ததற்கான எஃப்ஐஆர்சி கிடைக்கும். அதில் அனுப்பியவர் யார், எதற்காக என்று நோக்கக் குறியீட்டோடு பதிவாகும். சாஃப்ட்வேர் ஆலோசனைக்கு பி0802 போல. வீட்டுக் கடன், விசா, வருமான வரித் துறையின் கேள்வி, எதற்கும் அந்தக் காகிதம் பதில் சொல்லும். யூஎஸ்டிடி-யை விற்று ரூபாயாகக் கொண்டுவந்தால் உங்கள் கணக்கில் தெரிவது உள்ளூரில் யாரோ முன்பின் தெரியாத ஒருவர் போட்ட ஐஎம்பிஎஸ் மட்டும்தான். எஸ்டோனியாக்காரர் அதில் எங்கும் இல்லை.

வைகைக்கரை
அந்த "முன்பின் தெரியாத ஒருவர்" பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

மொழிபெயர்ப்பு வேலைக்கு யூஎஸ்டிடி வாங்கி பி2பி-யில், அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக, விற்றேன். வாங்கியவரின் பெயரும் அவர் கணக்கின் பெயரும் ஒன்றாகத்தான் இருந்தன, ரேட்டிங்கும் நன்றாக இருந்தது. சில வாரம் கழித்து ஏடிஎம்மில் பணம் வரவில்லை. வங்கிக்குப் போனால், சைபர் கிரைம் புகார், வேறு மாநிலக் காவல் நிலையம் கணக்கை முடக்கச் சொல்லியிருக்கிறது என்றார்கள். யாரோ ஒரு பெரியவரை ஏமாற்றிப் பறித்த பணம் மூன்று நான்கு கைகள் மாறி எனக்கு வந்திருக்கிறது. நான் விற்றது 40,000 ரூபாய்க்குத்தான். முடங்கியதோ என் மொத்தக் கணக்கு, அப்பாவின் மருத்துவச் செலவுக்கு வைத்திருந்ததும் சேர்த்து.

1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் புகார் போனதும் பணம் போன பாதையில் இருக்கும் கணக்குகளை எல்லாம் வங்கிகள் வரிசையாகப் பிடித்து வைக்கின்றன. ஏமாந்தவரின் பக்கம் நின்று பார்த்தால் அது சரியான ஏற்பாடுதான், அந்தப் பெரியவருக்குப் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும். ஆனால் வேலை செய்து கூலி வாங்கிய நான் ஏன் திருடனைப் போல விளக்கம் சொல்லிக்கொண்டு அலைய வேண்டும்? இன்வாய்ஸ், கிளையன்ட்டோடு பேசிய மின்னஞ்சல், வாலட் பரிவர்த்தனை எண், எக்ஸ்சேஞ்ச் ஆர்டர், எல்லாவற்றையும் அனுப்பி மாதக்கணக்கில் காத்திருந்த பிறகுதான் கணக்கு திறந்தது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் பிடித்து வைத்தால் போதும், முழுக் கணக்கையும் முடக்கத் தேவையில்லை என்று மெட்ராஸ் உயர் நீதிமன்றம் 2024-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. வக்கீலிடம் அதைக் கேளுங்கள்.

மின்மினி_மதுரை
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. நான் பி2பி பக்கம் போவதில்லை. அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவான எஃப்ஐயு-வில் பதிவு செய்த இந்திய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் நேரடியாக விற்கிறேன். பணம் அவர்கள் நிறுவனக் கணக்கில் இருந்து வரும், டிடிஎஸ்ஸும் அவர்களே பிடித்துக் கட்டிவிடுவார்கள். விலை பி2பி-யை விடக் கொஞ்சம் குறையலாம், ஆனால் தூக்கம் கெடாது.

பருத்தித்துறை_காற்று
இலங்கையில் இருந்து எழுதுகிறேன். உங்களுக்கு இருக்கும் வசதிகளைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று சொன்னால் கோபிக்காதீர்கள். பேபாலில் நாங்கள் காசு அனுப்பலாம், வாங்க ஏலாது. பல வருடமாகக் கேட்கிறோம். ஏழு சதவீதம் போகிறது என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள், எங்களுக்கு அந்தக் கதவே இல்லை. பேயோனியர்தான் பெரும்பாலான ஆட்களுக்கு வழி.

எங்கள் ஆட்கள் ஏன் கிரிப்டோவுக்குப் போனார்கள் என்று விளங்க வேண்டும் என்றால் 2021 கடைசியையும் 2022 தொடக்கத்தையும் பார்க்க வேண்டும். மத்திய வங்கி டாலரை 203 ரூபாய்க்கு மேல் விடாமல் பிடித்து வைத்திருந்தது. வெளியில் 240, 250. ஒரு வெப்சைட் செய்து 1,000 டாலர் வாங்கினால், வங்கிக்குக் கொண்டுபோனவனுக்கு 40,000 ரூபாய்க்கு மேல் குறைவு. அதே வேலை, அதே கிளையன்ட். யார்தான் வங்கிக்குப் போவான்? கனடா, சுவிஸ் சொந்தங்கள் உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம்) அனுப்பினார்கள், ஃப்ரீலான்ஸ் பெடியள் யூஎஸ்டிடி-க்குப் போனார்கள். இரண்டும் ஒரே வேலைதான்: டாலர் வெளியில் நிற்கும், ரூபாயை ஊரில் யாரோ கணக்கில் போடுவார். 2020-ல் 710 கோடி டாலராக இருந்த வெளிநாட்டு ஊழியர் பணம் 2022-ல் 380 கோடிக்கு இறங்கியது.

எனக்கு இதில் இன்றைக்கும் மனம் ஒரு பக்கமாக நிற்கவில்லை. டாலர் வங்கிக்குள் வராததும் சேர்ந்துதான் பெற்றோல் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் அவ்வளவு கடுமையாக வந்தது. அதற்காக, நாள் முழுக்க உழைத்த ஒருவனிடம் உன் டாலரை 200 ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போ என்று கேட்டதும் அநியாயம். 2022 மார்ச்சில் ரூபாயை விட்டதும் மே மாதத்தில் 360 வரை போனது. அதற்குப் பிறகு வங்கிக்கும் தெருவுக்கும் இடைவெளி பெரிதாக இல்லை. என்னோடு வேலை செய்தவர்களில் கனபேர் தாங்களாகவே வங்கிக்குத் திரும்பிவிட்டார்கள். யாரும் அவர்களுக்குப் புத்தி சொல்லவில்லை. விலை சரியானது, திரும்பினார்கள்.

இப்போது வங்கி அட்டையால் கிரிப்டோ வாங்க அனுமதி இல்லை, அந்நியச் செலாவணி விதியில் அப்படித்தான் இருக்கிறது. மத்திய வங்கியும் பலமுறை எச்சரித்துவிட்டது.

லாகோஸ்_ராஜபாளையம்
பருத்தித்துறை சொன்ன கதையை நான் இங்கே நைஜீரியாவில் கண் முன்னால் பார்த்தேன். என் ஆபீஸில் வேலை பார்க்கும் பையன்கள் பாதிப் பேர் ராத்திரி ஃப்ரீலான்ஸ் செய்கிறவர்கள். 2023 ஜூன் வரை வங்கி விலை ஒரு டாலருக்கு சுமார் 460 நைரா, தெருவில் 750-ஐ ஒட்டி. வங்கி வழியாக வாங்கினால் கூலியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்றில் போகும். 2021 பிப்ரவரியில் மத்திய வங்கி, கிரிப்டோ சம்பந்தப்பட்ட கணக்குகளை எல்லாம் மூடு என்று வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. பையன்கள் நிறுத்தவில்லை, பி2பி-க்குப் போனார்கள், அவ்வளவுதான். பெயரில் கிரிப்டோ என்று எழுதாமல் சாதாரணப் பணப் பரிமாற்றமாகவே செய்தார்கள்.

2023 டிசம்பரில் அந்த உத்தரவைத் திரும்ப எடுத்தார்கள். சரி, நிம்மதி என்று நினைத்தால், 2024 பிப்ரவரியில் நைரா விழுவதற்கு பைனான்ஸ் (Binance) என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச்தான் காரணம் என்று சொல்லி அந்த நிறுவனத்தின் இரண்டு அதிகாரிகளைப் பிடித்து வைத்தார்கள். மார்ச்சில் பைனான்ஸ் நைரா சேவையையே நிறுத்தியது. பையன்கள் ஒரே வாரத்தில் வேறு ஆப், வேறு டெலிகிராம் குழு என்று ஓடினார்கள். 2025-ல் வந்த புதிய முதலீட்டுச் சட்டம் டிஜிட்டல் சொத்துகளைப் பங்குச் சந்தை ஆணையத்தின் கீழ் கொண்டுவந்திருக்கிறது.

அர்ஜென்டினாவிலும் இதே கணக்குதான். அங்கே ஒரு கட்டத்தில் தெரு விலை அரசு விலையைப் போல இரண்டு மடங்கு. அந்த ஊர் டிசைனர் யூஎஸ்டிடி கேட்பதும் திருப்பூர் டிசைனர் கேட்பதும் ஒன்றாகாது தம்பி. அவருக்கு அது பாதிச் சம்பளம். உங்களுக்கு?

கணக்குப்பிள்ளை
லாகோஸ் நண்பர் நான் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டார். இந்தியாவில் வங்கி விலைக்கும் வெளி விலைக்கும் அப்படி ஒரு பள்ளம் இல்லை. இங்கே யூஎஸ்டிடி டாலரை விட இரண்டு மூன்று ரூபாய் கூடுதலாக விற்பதைப் பார்த்து சிலர் ஆசைப்படுகிறார்கள். அந்தக் கூடுதல் தொகை முறையான வழியில் போக முடியாதவர்கள் கொடுக்கும் விலை. வைகைக்கரையின் கணக்கு முடங்கியதை அதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

நமக்கு உண்மையான பிரச்சினை கட்டணமும் தாமதமும். அதற்கு வங்கிக்குள்ளேயே வழி வந்துவிட்டது. 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி எல்லை தாண்டிய பணம் கையாளும் நிறுவனங்களுக்குத் தனி உரிம முறை கொண்டுவந்த பிறகு நிறைய சேவைகள் வந்திருக்கின்றன. கிளையன்ட்டுக்கு அவர் நாட்டில் உள்ளூர் வங்கிக் கணக்கு எண் மாதிரி ஒன்று கொடுப்பார்கள், அவர் அதில் போட்டால் உங்களுக்கு ரூபாயும் எஃப்ஐஆர்சி-யும் வரும். ஒன்று, இரண்டு சதவீதத்துக்குள் முடிகிறது.

மின்மினி_மதுரை
சார், அந்தச் சேவைகளை நானும் விசாரித்துவிட்டுத்தான் பேசுகிறேன். கிளையன்ட் ஒப்புக்கொள்ள வேண்டுமே! எஸ்டோனியாக்காரரின் கம்பெனியில் எல்லாருக்கும் சம்பளமே யூஎஸ்டிசி-யில்தான், அதுவும் டாலரோடு கட்டப்பட்ட இன்னொரு காயின். நான் ஒருத்தி வங்கி கேட்டால், "அப்படியானால் வேறு ஆளைப் பார்க்கிறோம்" என்று போய்விடுவார். பேரம் பேசும் பலம் யாருக்கு இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஊரில் கட்டுரைக்கு 300 ரூபாய் கொடுக்கவே யோசிக்கிற இடத்தில் இருந்து நான் இங்கே வந்திருக்கிறேன். இந்த வாலட் இல்லையென்றால் எனக்கு இந்த வேலையே இல்லை.

இன்னொன்று. யூஎஸ்டிடி, யூஎஸ்டிசி மாதிரி ஸ்டேபிள்காயினை இனி ஒதுக்கி வைக்கவும் முடியாது. ஆன்லைன் கட்டண நிறுவனமான ஸ்ட்ரைப் 110 கோடி டாலர் கொடுத்து பிரிட்ஜ் என்ற ஸ்டேபிள்காயின் கம்பெனியை வாங்கியிருக்கிறது. அமெரிக்காவில் 2025 ஜூலையில் ஸ்டேபிள்காயினை ஒழுங்குபடுத்தும் ஜீனியஸ் சட்டம் வந்துவிட்டது. நாளைக்கு இரண்டு முனையிலும் வங்கி, நடுவில் மட்டும் ஸ்டேபிள்காயின் என்று ஓடப்போகிறது. நம் சட்டம் அதற்கு ஒரு இடம் கொடுத்தால் சின்ன ஃப்ரீலான்சருக்குத்தான் லாபம். எஃப்ஐயு-வில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சே வெளிநாட்டு வரவுக்கான சான்றிதழ் தரலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லட்டுமே?

கணக்குப்பிள்ளை
அந்தக் கோரிக்கையில் நான் உங்களோடு நிற்கிறேன். வரி மட்டும் வாங்கிக்கொண்டு, அந்நியச் செலாவணிச் சட்டத்தில் அது என்னவென்று சொல்லாமல் வைத்திருப்பது நேர்மையாக வரி கட்டுகிறவர்களுக்குச் செய்கிற அநீதி. ஆனால் அது வரும் வரை தறிநகருக்கு நான் இன்றைய சட்டத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கீபோர்டு_சேலம்
எப்படியும் வாங்கத்தான் போகிறோம் என்பவர்களுக்கு டெக்னிக்கல் பக்கம் கொஞ்சம்.

எந்த பிளாக்செயின் நெட்வொர்க்கில் அனுப்புவது என்று கிளையன்ட்டோடு எழுத்தில் முடிவு செய்யுங்கள். ட்ரான் நெட்வொர்க் முகவரி 'டி' (T) எழுத்தில் தொடங்கும், எத்தீரியம் முகவரி பூஜ்யத்தில் தொடங்கும். எக்ஸ்சேஞ்ச் ஆதரிக்காத நெட்வொர்க்கில் அனுப்பிவிட்டால் பணத்தை மீட்பது பெரும்பாடு, பல சமயம் கிடைக்கவே கிடைக்காது. முதலில் ஐந்து டாலர் அனுப்பச் சொல்லி, வந்த பிறகு மீதி. சொந்த வாலட்டில் ட்ரான் யூஎஸ்டிடி வைத்திருந்தால் கட்டணத்துக்கு ட்ரானின் சொந்த காயினான டிஆர்எக்ஸ் கொஞ்சம் இல்லாமல் அதை நகர்த்த முடியாது.

முகவரியைப் பழைய பரிவர்த்தனைப் பட்டியலில் இருந்து காப்பி செய்யாதீர்கள், கிளையன்ட்டிடமும் சொல்லுங்கள். முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் உங்கள் முகவரி மாதிரியே உள்ள வாலட்டில் இருந்து ஏமாற்றுக்காரர்கள் சின்னத் தொகை அனுப்பி வைப்பார்கள். பட்டியலில் அதுதான் மேலே நிற்கும், அவசரத்தில் அதைக் காப்பி செய்தால் சம்பளம் அங்கே போய்விடும்.

மின்மினி அக்கா "ஏறி இறங்காது" என்று சொன்னதற்கு ஒரு திருத்தம். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி மூடியபோது யூஎஸ்டிசி-யின் கையிருப்பில் 330 கோடி டாலர் அங்கே மாட்டியிருந்தது. விலை 88 சென்ட் பக்கம் இறங்கி, இரண்டு மூன்று நாளில் மீண்டது. 2022 மே மாதம் டெர்ராவின் யூஎஸ்டி (UST) என்ற ஸ்டேபிள்காயின் விழுந்து மீளவே இல்லை.

வந்ததை எக்ஸ்சேஞ்சில் சேமித்து வைக்காதீர்கள். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் 23 கோடி டாலருக்கு மேல் திருடு போனபோது, திருட்டில் சம்பந்தப்படாத காயின் வைத்திருந்தவர்களும் ஓராண்டுக்கு மேல் எடுக்க முடியாமல் இருந்தார்கள். அதில் பாதிக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கில்தான் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கிரிப்டோவைச் சொத்து என்று ஏற்றுக்கொண்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் மாதச் சம்பளத்துக்காக யாரும் உயர் நீதிமன்றம் போக முடியாது.

வைகைக்கரை
அதோடு, விற்ற பணம் விழுவதற்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கில் கலக்கவே கூடாது.

தறிநகர்
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. நேற்று துபாய்க்காரரிடம் ஃபோனில் பேசினேன். ஜிஎஸ்டி கணக்கை அப்படியே காட்டி, வங்கி வழியாக அனுப்பினால் அந்தச் சேவைக் கட்டணத்தை நானே ஏற்கிறேன் என்றேன். அவர்களுக்கு அங்கே திர்ஹாம் கணக்கு இருக்கிறதாம், ஒவ்வொரு மாதமும் பல நாட்டுக்குத் தனித்தனியாக அனுப்ப ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினையாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்பினால் சரி என்கிறார்கள். பணம் தாமதமாக வரும், ஆனால் 229 டாலர் பயம் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும் சார்?

கணக்குப்பிள்ளை
நல்ல முடிவு. தொகை அமெரிக்க டாலரில் என்றும், பணம் இந்தியாவில் உள்ள உங்கள் வங்கிக் கணக்குக்கு அந்நியச் செலாவணியாக வர வேண்டும் என்றும் தெளிவாக இருக்கட்டும். இன்வாய்ஸ் மாதாமாதம் போடுங்கள், பணம் சேர்த்து வந்தால் எந்தெந்த இன்வாய்ஸுக்கு என்று அவர் குறிப்பில் எழுத வேண்டும். எல்யுடி ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் போட வேண்டும், மார்ச் கடைசியில் மறந்துவிடாதீர்கள். மூன்று மாதக் கடனை நீங்கள் சுமப்பதால், முதல் முறை மட்டும் ஒரு மாதத் தொகையை முன்பணமாகக் கேட்டுப் பாருங்கள்.

பருத்தித்துறை_காற்று
இலங்கை ஆட்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு கேள்வி. 2025 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு 15 சதவீத வரி வந்துவிட்டது. யூஎஸ்டிடி-யில் வாங்கினவனுக்கும் அதே 15-தானா?

மட்டுநகர்_பேரேடு
இல்லை. அந்த 15 சதவீத உச்சவரம்பு, காசு வெளிநாட்டு நாணயமாக வங்கியூடாக இலங்கைக்கு வந்திருந்தால்தான். யூஎஸ்டிடி-யை விற்று ரூபாயாக எடுத்தால் அந்த நிபந்தனை நிறைவேறாது. அப்போது சாதாரண தனிநபர் விகிதம், அது 36 சதவீதம் வரை ஏறும். வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் விலக்கு இரண்டு பக்கத்துக்கும் உண்டு. மார்ச் 31 வரைக்குமான வங்கிக் கூற்றையும் பேயோனியர் அறிக்கையையும் இறக்கி வைத்திருங்கள், நவம்பர் 30-க்குள் ரிட்டர்ன் போட வேண்டும்.